இரண்டு குத்துக்கு மேல் கூடாது

ரப்பர் கையின் உள்ளங்கையில் ரேகைகூடப் போட்டிருந்தார்கள். முப்பிடாதி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபசிங் ஊசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், அது காதில் விழுந்துகொண்டும் இருந்தது, ஆனால் கண் அந்த ரேகையை விட்டு நகரவில்லை. எவனோ ஒருவன் எந்த ஊரிலோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, யாருக்கும் இல்லாத ஒரு கைக்கு ஆயுள் ரேகையை மணிக்கட்டு வரைக்கும் நீட்டி இழுத்துவிட்டிருக்கிறான், என்ன தாராளம். தோளோடு கழற்றி எடுத்ததுபோல மேஜைமேல் மல்லாந்து கிடந்தது கை. பக்கத்தில் கம்பியில் தொங்கிய பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கி, தோலுக்கு அடியில் போட்டிருந்த ரப்பர் நரம்புகளில் ஓடித் திரும்பி வந்தது. "மேடம், ஆல்வின் சாருக்கு அப்புறம் நீங்கதான்" என்றான் ஜெபசிங். அவன் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஆண் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்கு பிரதர் என்றே பெயர், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், அவளும் பிரதர் என்றுதான் கூப்பிடுவாள். ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் இனிமேல் நோயாளிகளின் கையில் மருந்து ஏற்றுவதற்கான கேனுலா ஊசிக்குழாயைத் தாங்களே போட வேண்டும், வார்டிலிருந்து நர்ஸ் இறங்கி வரட்டும் என்று ஆட்களைக் காக்க வைக்க வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்து, கற்றுக்கொடுக்க அவனை அனுப்பியிருந்தது. காலையில் இதைக் கேட்டதும் கூட வேலை பார்க்கும் ஆல்வின், "நல்லதுதானக்கா, இன்னும் எத்தன நாளைக்குத்தான் போன் பண்ணிக் கெஞ்சிக்கிட்டே இருக்க" என்றான். நல்லதுதான் என்று அவளும் சொன்னாள். நல்லதுதான், யார் இல்லை என்றது. இவ்வளவு நல்லது இத்தனை வருசம் எங்கே போய் உட்கார்ந்திருந்தது என்று கேட்கத் தோன்றியது, ஆனால் யாரிடம் கேட்பது, ஆல்வினிடமா, இந்த ரப்பர் கையிடமா. கேட்டால்தான் என்ன, பேச்சி அக்கா எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டப்போகிறாளா.

"நரம்பக் கண்ணால தேடாதீங்க, விரலால தேடுங்க. கண்ணு ஏமாத்தும், பச்சையா தெரியுறதெல்லாம் நல்ல நரம்பு கெடையாது. விரல வச்சி அமுக்குனா ஸ்பிரிங் மாதிரி எதுத்து வரணும், அதான் நரம்பு." ஜெபசிங் ரப்பர் கையின் முழங்கை மடிப்பில் விரலை வைத்து அமுக்கிக் காட்டினான். இதை யாராவது தனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று முப்பிடாதிக்கு இருந்தது. விரலால் நரம்பைத் தேடுவது அவளுக்குச் சின்ன வயதிலேயே விளையாட்டு. பேச்சி அக்கா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். இலையை வெட்டிப் போட்டுத் தூளை நிரப்பி, ஒரு உருட்டு உருட்டி நூலைச் சுற்றும்போது அவள் முன்கையில் நரம்பு ஒன்று புடைத்துக்கொண்டு மேலே ஏறும், மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த வேர் மாதிரி. பக்கத்தில் படுத்துக்கிடக்கும் முப்பிடாதி ஒரு விரலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் மேல்நோக்கி வழித்துவிடுவாள். நரம்பு வற்றிப்போய் ஒரு பள்ளம் தெரியும். அமுக்கிய விரலை எடுத்தால் குபுக்கென்று மறுபடி நிறையும். ஒவ்வொரு தடவையும் அது நிறைந்துவிடும், ஒரு தடவைகூட நிறையாமல் இருந்ததில்லை, அதுதான் அந்த விளையாட்டில் சந்தோஷம். "ஏட்டி, சும்மா கெட. சுத்து கோணுது பாரு" என்று அக்கா முழங்கையால் இடிப்பாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள். அது எந்தக் கை. வலதா இடதா. முப்பிடாதி அக்காவுக்கு எந்தப் பக்கம் படுத்திருந்தாள், சுவர்ப் பக்கமா வாசல் பக்கமா. வாசலில் வெளிச்சம் இருந்தது, ரேடியோ இருந்தது, ஆனால் தான் எந்தப் பக்கம் இருந்தோம் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. சரி, அதை விடு. ஆஸ்பத்திரியில் வீங்கிய கை எது, அது போன வருசத்துக்கு முந்தின வருசம்தானே, அதாவது ஞாபகம் இருக்க வேண்டாமா. அதுவும் வரவில்லை. வீங்கிய கை கண்ணில் தெரிகிறது, தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு நின்றது தெரிகிறது, கண்ணாடி வளையலைக் கழற்ற முடியாமல் உடைத்து எடுத்தது தெரிகிறது. கைதான் எந்தப் பக்கத்துக் கை என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவளுடைய கை. இதைக்கூட மறந்துவிட்டவளுக்கு எதற்கு அழுகை என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அது அவளுடைய குரல்தான்.

"மொதல்ல பேரக் கேளுங்க. இதுக்கு முன்ன மருந்து ஏதும் ஒத்துக்கிடாமப் போயிருக்கான்னு கேளுங்க. மார்ல ஆப்பரேசன் பண்ணுன பொம்பளையாளா இருந்தா அந்தப் பக்கக் கையத் தொடக் கூடாது. கையக் கழுவாம கிட்டயே போகக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, இரண்டு குத்து. உங்களுக்கு ரெண்டு தடவதான். ரெண்டுலயும் கெடைக்கலன்னா ஊசியக் கீழ வச்சிட்டு வேற ஆளக் கூப்பிட்டுரணும். மூணாவது குத்து நோயாளிக்காகக் குத்துறது இல்ல, நம்ம வீம்புக்குக் குத்துறது." ஆல்வின் சிரித்தான். முப்பிடாதி சிரிக்கவில்லை. அக்காவுக்கு அன்றைக்கு எத்தனை குத்து என்று அவள் எண்ணவில்லை, எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். அடிவயிற்றில் கட்டி என்று ஆரம்பித்து, ஆப்பரேசன் முடிந்து, கீமோ மருந்து மாதாமாதம் ஏறியபிறகு அக்காவின் கைகள் வேறு யாருடையவோ போல் ஆகிவிட்டன. வேர் மாதிரி இருந்த நரம்பு இருந்த இடம் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருவாள். சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதுபோல அவித்த கடலையைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து ஆல்வினுக்கும் ஆயாவுக்கும் கொடுப்பாள். வெளியே நாற்காலியில் இருக்கிறவர்களிடமெல்லாம், "உள்ள மெசின ஓட்டுறது ஆருன்னு நெனைக்கியோ, என் தங்கச்சியாக்கும்" என்பாள். படிக்க வைத்ததே அவள்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை, மெசினை ஓட்டுவது தங்கச்சி என்று மட்டும்தான் சொல்வாள், ஏதோ ரயில் ஓட்டுவதுபோல. பிறகு கை நீட்ட வேண்டிய நேரம் வரும். வார்டிலிருந்து இறங்கி வரும் பெண் பாவம் நல்ல பெண்தான், அவளுக்கும் மேலே நூறு வேலை, வந்த வேகத்தில் பட்டையை இறுக்கிக் கட்டித் தட்டித் தட்டிப் பார்ப்பாள், குத்துவாள், உள்ளேயே ஊசியை அப்படியும் இப்படியும் திருப்புவாள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதட்டைக் கடித்த இடம் வெளுத்திருக்கும். ஒருதரம் அந்தப் பெண் வேறு ஊசி எடுக்கத் திரும்பிய நேரத்தில் அக்கா மெதுவாக, "ஏட்டி, நீயே போடேன்" என்றாள். "எனக்குப் போடக் கூடாதுக்கா. நர்ஸ்தான் போடணும்." "இத்தன வருசமா இங்கயே கெடக்க, ஒரு ஊசி போடத் தெரியாதா ஒனக்கு?" "தெரியாதுக்கா. எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல." அக்கா ஒரு சிரிப்பு சிரித்தாள், கணக்கில் தப்புப் போட்ட சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. அந்தச் சிரிப்பைத்தான் முப்பிடாதி இரண்டு வருசமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பாள்.

அப்புறம் அந்த நாள். அதை நினைக்கக் கூடாது என்று இருந்தாள், குறைந்தது இந்த அறையில், ஆல்வின் ரப்பர் கையில் ஊசியைச் சாய்த்துக் குத்திக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில். ஆனால் நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொள்வதே நினைப்பதுதானே. அன்றைக்கு நர்ஸுக்குக் கடைசியில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய நரம்பு கிடைத்தது. கேனுலா நின்றது, ரத்தமும் வந்தது, சரிதான் என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள். அக்காவை மெசினுக்குள் அனுப்பிவிட்டு முப்பிடாதி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்தை மெசினே தள்ளும், வேகமாகத் தள்ளும். மருந்து போக ஆரம்பித்தது. பிறகு குரல் வந்தது. மெசினுக்குள் படுத்திருப்பவர்களுக்குச் சொல்லும் தமிழ்க் குரல் முப்பிடாதியுடையதுதான். மெசின் வந்த புதிதில் அதில் இருந்த குரல் யாருக்கும் புரியாத பாஷையில் பேசியது, அதனால் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அவளையே பேசவைத்துப் பதிந்துவிட்டார்கள். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ஆடாம இருங்க. இழுங்க, பிடிங்க என்று அன்றைக்கும் அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் மருந்து போகும் அழுத்தத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. அவள் உடனே நிறுத்தினாள், உடனே, அதில் சந்தேகமே இல்லை, பிறகு டாக்டரும் அதையேதான் சொன்னார், இதைவிடச் சீக்கிரமாக யாராலும் நிறுத்தியிருக்க முடியாது என்று. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அக்காவின் முன்கை கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது, மருந்து நரம்பை உடைத்துக்கொண்டு சதைக்குள் போயிருந்தது. அக்கா அசையாமல் கிடந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது, முகம் கறுத்துப்போய்க் கன்னம் உப்பியிருந்தது, என்ன என்று முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அவள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெசினைப் பாதியில் நிறுத்தியதால், மூச்சை விடுங்க என்று சொல்ல வேண்டிய குரல் வரவே இல்லை. "மூச்ச விடுக்கா! அக்கா, மூச்ச விடு!" புஸ்ஸென்று விட்டாள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ் வைத்தார்கள். "எரிஞ்சிருக்குமே, கத்திருக்கலாம்லாக்கா, ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா." அக்கா திணறித் திணறிச் சொன்னாள், "நீதானட்டி ஆடாம இருன்னு சொன்ன. பேசுனா மூச்சு போயிருமே. படம் கெட்டுப்போனா ஒன்னயல்லா ஏசுவாவ."

வீக்கம் வற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தோல் கொப்புளித்து உரிந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். வாழ்க்கையில் முதல்தடவை கரண்டியால் சாப்பிட்டவள், பாதியை மடியில் சிந்திக்கொண்டு, "பாத்தியா, வெள்ளக்காரி ஆயிட்டேன்" என்று சிரித்தாள். கரண்டி. அப்படியானால் வலது கை. ரப்பர் கையின் முன்னால் நின்றுகொண்டிருந்த முப்பிடாதி தன் வலது கையைப் பார்த்தாள். வலது கை, வலது கைதான், கரண்டியைப் பிடித்திருந்தது இடது. கிடைத்துவிட்டது. எதற்கு இவ்வளவு நிம்மதி என்று தெரியவில்லை, ஒரு கை எந்தப் பக்கம் என்று தெரிந்ததில் செத்தவளுக்கு என்ன ஆகப்போகிறது. அடுத்த ஸ்கேனுக்கு அக்கா வரவில்லை. "போதும்ட்டி, உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா, மெசினா சொல்லணும்" என்றாள். முப்பிடாதி வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள், அழுதாள், ஊசிக்குப் பயந்தா வரமாட்டேங்க என்று சண்டைகூடப் போட்டாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீ போடுறதா இருந்தா வாறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா. முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஐப்பசி மழையில் அக்கா போய்விட்டாள். ஸ்கேன் எடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு முப்பிடாதி தினமும் பஸ்ஸில் வேலைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு காட்சியைப் பார்ப்பாள். அக்கா வந்து உட்காருவாள். கையை நீட்டுவாள். இவள் விரலால் தொட்டுப் பார்த்து, ஒரே குத்து, வலிக்காமல், போட்டுவிடுவாள். "முடிஞ்சாட்டி? அவ்வளவுதானா?" என்பாள் அக்கா. காட்சி அதோடு நின்றுவிடும், அதற்குமேல் ஓடாது. அதற்குமேல் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. வண்ணார்பேட்டை நிறுத்தம் வந்துவிடும், இறங்கிவிடுவாள்.

"மேடம்." ஜெபசிங் கேனுலாவை அவள் கையில் கொடுத்தான். ரப்பர் கைக்குப் பட்டை கட்டினாள், தோலை இழுத்துப் பிடித்தாள், சாய்த்துக் குத்தினாள். ஊசியின் பின்பக்கத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. "இப்பத் தாழ்த்துங்க. ஊசிய அசைக்காம பிளாஸ்டிக்க மட்டும் உள்ள தள்ளுங்க. பட்டைய அவுத்துட்டுத்தான் ஊசிய உருவணும். ஆங், அப்படித்தான்." முதல் தடவையே ஊசி நரம்பில் விழுந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை, எல்லாமே விழுந்தது. "உங்க கை ராசியான கைக்கா" என்றான் ஆல்வின். ரப்பருக்கு வலிக்காது, ரப்பர் பயந்து நரம்பைச் சுருக்கிக்கொள்ளாது என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை. சாயங்காலம் வரை இதிலேயே பழகலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் ஜெபசிங் வெளியே போய்க் காத்திருந்த ஆட்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, "ஒரு நல்ல கை இருக்கு மேடம். விவரத்தச் சொல்லிக் கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. நான் பக்கத்துலயே நிக்குதேன்" என்றான். அவள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. கழுவினாள். துடைத்தாள். மறுபடி வேர்த்தது, அதன்மேலேயே கையுறையை மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நாலுவழிச் சாலையில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். பேர் கேட்டாள், சுடலைமுத்து என்றார். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளிகள், நடுவில் கயிறு கயிறாக நரம்பு, எந்தக் குழந்தையும் குத்திவிடலாம் போன்ற கை. "கல்லுல கைய வைக்கச் சொல்லுங்க, வைக்கேன். இந்த ஊசி மட்டும் எனக்கு ஆகாதும்மா" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் குத்தினாள். நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்த இடத்தில் ஒரு துளி ரத்தம் வந்து நின்றது. அவருடைய வாய் "ஆ" என்றது, சத்தமில்லாமல். உள்ளே திருப்பித் தேடு என்று அவள் கை சொன்னது, தேடினால் கிடைத்துவிடும், இதோ பக்கத்தில்தான் இருக்கிறது, இவ்வளவு பெரிய நரம்பு. ஓ, அந்த நர்ஸ் பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். கை தானாகத் திரும்பியிருக்கும், கொடுமைக்கு இல்லை, கெஞ்சலில். அவள் உருவிவிட்டாள். பஞ்சை வைத்து அமுக்கினாள். "மன்னிச்சுக்கிடுங்க. மொதக் குத்து தப்பிருச்சு. நான் இப்பத்தான் படிக்கேன். இன்னொரு தடவ போடலாமா, இல்ல பிரதர் போடட்டுமா?" அவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நான் மொத மொத வீசுன பரோட்டா அடுப்புக்குள்ளதாம்மா விழுந்துச்சு. போடுங்க." தோலை இன்னும் இறுக்கி இழுத்துப் பிடித்துக் குத்தினாள். சிவப்பு வந்தது. தாழ்த்தினாள், தள்ளினாள், அவிழ்த்தாள், உருவினாள், ஒட்டினாள். சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே, கேனுலாவுக்கு மேலே நரம்பின்மேல் இன்னொரு விரலை வைத்துப் பார்த்தாள், உப்பவில்லை. விரலுக்குக் கீழே தண்ணீர் குளிர்ச்சியாக ஓடியது. "எரியுதா? உள்ள போனப்புறம் கையில எரிஞ்சா உடனே சத்தம் போடணும். மூச்சப் பிடிங்கன்னு ஒரு குரல் சொல்லும், அது என்ன சொன்னாலும் சரி, எரிஞ்சா கத்திரணும். என்ன?" அவர் தலையாட்டினார். "சொல்லுங்க, என்ன செய்வீங்க?" "கத்துவேன்." "எப்படி?" அவர் ஜெபசிங்கைப் பார்த்தார், இந்த அம்மாவுக்கு என்ன என்பதுபோல. "சத்தமா கத்துவேம்மா" என்றார். அவரை ஆல்வின் உள்ளே அழைத்துப் போனான். முப்பிடாதி கையுறையைக் கழற்றினாள். இவ்வளவுதானா. ஒரு காலைப்பொழுது, ஒரு ரப்பர் கை, ஒரு பரோட்டா மாஸ்டர். இவ்வளவுதான் என்றால் ஏன். மூன்று வருசத்துக்கு முன்னால் இதே அறையில் இதே மேஜையைப் போட்டு இதே கையை மல்லாத்தி வைத்திருந்தால் இதே அளவு நேரம்தானே ஆகியிருக்கும். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, சத்தமாக. சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து வந்தவளை ஜெபசிங் பார்க்கவில்லை, அவனுக்கு அவசரப் பிரிவிலிருந்து போன் வந்து வராந்தாவுக்குப் போயிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், சேலைத் தலைப்பைத் தலையோடு சுற்றியிருந்தாள், அதற்கு உள்ளே முடி இல்லை என்று முப்பிடாதிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பேர் ரஹ்மத் பீவி. யாரும் ஒன்றும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையை மேலே ஏற்றி, வலது கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பழகிய ஆட்கள் அப்படித்தான் திருப்பிக்கொள்வார்கள். "முழங்கையில பாக்காதீங்க, கெடைக்காது. மணிக்கட்டுக்குக் கீழ ஒன்னு உண்டு, அதுவும் போன தடவ உடைஞ்சுபோச்சு" என்றாள் சுவரிடம். முப்பிடாதி பட்டையைக் கட்டினாள். விரலை வைத்தாள். விரலால் தேடினாள், காலையில் கற்றதையும் சின்ன வயதில் விளையாடியதையும் எல்லாவற்றையும் அந்த ஒரு விரல்நுனிக்குக் கொண்டுவந்து தேடினாள். முழங்கை மடிப்பில் ஒன்று தட்டுப்பட்டது, ஆனால் அமுக்கினால் எதிர்த்து வரவில்லை, காய்ந்த நூல்போல, கம்பிபோலக் கிடந்தது. மருந்து ஏறி ஏறி இறுகிப்போன நரம்பு. மணிக்கட்டில் ஒன்று இருந்தது, தொட்டவுடன் நழுவியது. புறங்கையில் ஒன்றுமில்லை. மற்றக் கையைக் கேட்டாள், அந்தப் பெண் திரும்பாமலே மற்றக் கையை நீட்டினாள். அதிலும் ஒன்றுமில்லை. முப்பிடாதி ஊசியை எடுத்தாள், உறையைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்போதுதான் தெரிந்தது. நானாக இருந்தாலும் கிடைத்திருக்காது. அக்கா கையை நீட்டியிருப்பாள், நான் குத்தியிருப்பேன், கிடைத்திருக்காது, மறுபடி குத்தியிருப்பேன், என் கையும் உள்ளே அப்படியும் இப்படியும் திரும்பியிருக்கும், கடைசியில் எங்கேயோ ஒரு நூல் நரம்பில் நின்றிருக்கும், மருந்து அதையும் உடைத்திருக்கும். நான்தான் குத்துகிறேன் என்பதால் அக்கா உதட்டைக்கூடக் கடித்திருக்க மாட்டாள், சிரித்துக்கொண்டே இருந்திருப்பாள். இது ஆறுதல் தரும் விஷயம்தான், இரண்டு வருசமாகத் தேடியது இதைத்தானே, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்ற ஒரு வார்த்தை. ஆனால் ஆறுதல் வரவில்லை. பஸ்ஸில் கண்ணை மூடினால் அக்காவைக் காப்பாற்றக்கூடிய ஒருத்தி இத்தனை நாள் இருந்தாள், கற்றுக்கொள்ள வாய்க்காமல் போனவள், ஒரே குத்தில் போடுகிறவள். இப்போது அவளும் போய்விட்டாள். அக்காவுக்கு இனி யாருமே இல்லை.

"என்னம்மா, குத்தலியா?" என்று ரஹ்மத் பீவி சுவரிலிருந்து திரும்பினாள். முப்பிடாதி ஊசியைத் தட்டில் வைத்தாள். "எனக்கு இது வராதும்மா. நான் இன்னைக்குத்தான் படிக்கேன். குத்திப் பாக்கலாம், ஆனா உங்களுக்கு வலிக்கிறதுதான் மிச்சம். நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளு வராரு, நரம்பு இருக்குற எடத்தக் காட்டுற சின்ன ஸ்கேன் மெசின வச்சிப் போடுவாரு. கொஞ்சம் இருக்கீங்களா?" அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், இதில் ஏதாவது ஏமாற்று இருக்குமோ என்பதுபோல. பிறகு, "இருக்கேன். கொஞ்சம் தண்ணி கெடைக்குமா, வெறும் வயிறு" என்றாள். ஒரு மடக்குக் குடிக்கலாம் என்று முப்பிடாதி கொடுத்தாள். வராந்தாவில் ஜெபசிங்கிடம் சொல்லிவிட்டு, கெட்டிலில் தண்ணீரைச் சூடாக்கி, துண்டை நனைத்துப் பிழிந்து, தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்தாள். சூடு பட்டால் நரம்பு கொஞ்சம் எழும்பும் என்று காலையில் ஜெபசிங் சொன்னான், அது ரப்பர் கைக்குச் செய்து பார்க்க முடியாத ஒன்று. ரஹ்மத் பீவியின் கையைத் தன் மடியில் வைத்துத் துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை எலும்பாக இருந்தது. ஈரத்துக்கு அடியில் எங்கேயோ ஆழத்தில் நாடி துடித்தது. "சூடு நல்லாருக்கு" என்றாள் அந்தப் பெண். அப்புறம் முப்பிடாதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுலயும் ஆருக்கும் இருந்துச்சா?" என்று கேட்டாள். "எங்க அக்காவுக்கு." இருந்துச்சா என்று கேட்டவள், இப்ப எப்படி இருக்காங்க என்று கேட்கவில்லை. துண்டு ஆறிவிட்டது. முப்பிடாதி எழுந்து மறுபடி நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள், அந்தக் கை அவளுக்காகவே நீண்டு காத்திருந்தது. கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை, அது பாட்டுக்கு இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஜெபசிங் அந்தச் சின்ன மெசினோடு வந்தான். "எங்க, பாப்போம்" என்றான். "ஒரு நிமிசம் பிரதர்" என்றாள் முப்பிடாதி. "இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்." அவள் கையை விடவில்லை.